அறுப்பின் பண்டிகையில் ஒரு விமானத் துண்டு

என் அம்மாவின் முன்னால் ‘பழசு’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. பழைய சோறுகூட எங்கள் வீட்டில் ‘நேத்து சோறு’தான். காரணம் வேறொன்றுமில்லை. என் அப்பா காயலான் கடைக்காரர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் தகரம் அடித்த ஒரு கொட்டகை, அதன் முன்னால் துருப்பிடித்த இரும்புக் குவியல், உள்ளே ஒரு எடை மேடை, ஒரு மர நாற்காலி. கடை வைப்பதற்கு முன்பு அப்பா ஒரு மொப்பெட்டின் முன்னால் வெங்காய மூட்டையை வைத்துக்கொண்டு கல்வராயன் மலை ஊர்களுக்கெல்லாம் ஏறுவார். வெங்காயத்தைக் கொடுத்து ஓட்டைக் குடத்தையும் தேய்ந்துபோன கலப்பைக் கொழுவையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, வண்டி அழ அழ இறங்கி வருவார்.

அம்மாவைச் சந்தையிலும் சரி, கோயிலிலும் சரி, ‘காயலான் கடைக்காரர் சம்சாரம்’ என்றுதான் சொல்வார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. டீச்சர் சம்சாரம், மில்லுக்காரர் சம்சாரம் என்பதைப் போல அதுவும் ஒரு அடையாளம், அவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும். அவள் முகத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்துவிடுவேன்.

நாங்கள் போகும் கிறிஸ்தவ சபையில் வருடா வருடம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் உழைப்பில் முதலில் வந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். நிலம் உள்ளவர்கள் நெல், கரும்பு, மரவள்ளிக் கிழங்கு. ஆடு கோழி வளர்ப்பவர்கள் அதில் ஒன்று. தையல்காரர் ஒரு சட்டை தைத்துக் கொடுப்பார். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். சிரிப்பும் கேலியுமாக அது ஒரு திருவிழாதான். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அம்மா ஒரு வருடம் பளபளவென்று ஒரு புதுப் பித்தளைக் குடத்தைப் படைத்தாள். ஏலம் விட்ட சபை மூப்பர் அதைத் தூக்கிப் பிடித்து, “இன்னாங்க, இது கடைல வாங்கனதா, கடைக்கு வந்ததா?” என்று கேட்டுவிட்டார். கூட்டமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அதற்கப்புறம் வெகு காலம் அம்மா பூசணிக்காயைத் தவிர வேறொன்றைப் படைத்ததில்லை. வேலியில் காய்த்த பூசணியைப் பார்த்து, கடைக்கு வந்ததா என்று யாரும் கேட்க முடியாதல்லவா.

இந்த அம்மாவின் பெண்ணான நான் சேலத்தில் பொறியியல் படித்து, ஓசூர் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். “இன்னாடி வேல?” என்று அம்மா கேட்டாள். “விமானத்துக்குப் பார்ட்டு பண்ற வேலமா” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. எதிலிருந்து செய்கிறோம் என்பதை மட்டும் மென்று விழுங்கிவிட்டேன்.

இப்போது வரும் விமானங்களில் இறக்கையும் உடம்பும் முழுக்க அலுமினியம் இல்லை. கார்பன் இழையில் நெய்த கறுப்புத் துணியைப் பிசினில் ஊறவைத்து, அடுக்கடுக்காக வைத்து, சூட்டில் இறுக்கிச் செய்கிறார்கள். இரும்புக்கு நிகரான உறுதி இருக்கும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. அந்தத் துணியை வெட்டும்போது தையல் கடையில் விழுவதைப் போல ஓரத் துண்டுகள் மலையாகக் குவியும். பறந்து முடித்த விமானங்களை உடைக்கும்போதும் கிடைக்கும். புதைத்தால் மக்காது. எங்கள் கூடத்தில் அவற்றைக் காற்று அதிகம் புகாத உலையில் போட்டுச் சுடுகிறோம். பிசின் போய்விடும். உதிர்ந்த தலைமயிர் மாதிரி இழை மட்டும் மிஞ்சும். அந்தக் குட்டை இழைகளைப் பாய் போலப் பரப்பி, மறுபடி பிசின் சேர்த்து, அச்சில் வைத்து அழுத்தினால் புதுப் பாகம் வந்துவிடும். இழையின் நீளம்தான் குறைகிறதே தவிர, பலத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், நானும் ஒரு காயலான் கடையில்தான் இருக்கிறேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

அலுவலகத்தில் இதற்காக நான் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகைக்கும் சுவரை மூடும் தகட்டுக்கும் எங்கள் சரக்கை ஒப்புக்கொள்வார்கள். சுமை தாங்கும் பாகம் என்றால் மட்டும் வடிவமைப்பாளர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். “பறக்கிற பொருளில் பழைய சரக்கா?” என்று ஒருவர் கேட்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “பழசு என்பதற்காக ஏன் பலவீனம் என்கிறீர்கள்? சோதித்துப் பாருங்கள், தோற்றால் தோற்றது என்று சொல்லுங்கள்” என்று குரலை உயர்த்துவேன். மேலதிகாரி எனக்கு மட்டும் கேட்கும்படி, “உட்காரும்மா” என்பார். நான் உட்கார மாட்டேன். கூடத்திலேயே இந்த விஷயத்தில் எனக்குத்தான் வாய் அதிகம் என்று பெயர்.

பயணிகள் தலைக்கு மேல் பெட்டி வைக்கும் அறை இருக்கிறதே, அதை விமானத்தின் உடம்போடு பிடித்து நிறுத்தும் ஒரு தாங்கியைத்தான் எங்கள் குழு செய்து பார்த்துக்கொண்டிருந்தது. முழங்கையை மடக்கியது போன்ற வடிவம், இரண்டு பக்கமும் போல்ட் மாட்டத் துளைகள். அச்சை நான் வடிவமைத்தேன். முதல் தாங்கி வெளியே வந்தபோது அதன் சூடு ஆறுவதற்குள் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, பளபளவென்று, என் கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. ஒலியை உள்ளே செலுத்திப் பார்க்கும் சோதனையில் குட்டு வெளிப்பட்டது. மடிப்பு இருக்கும் இடத்தில் பிசின் சேராமல் உள்ளுக்குள் ஒரு பொத்தல். வெளியே ஒன்றும் தெரியாது. இழையின் மேல் தப்பில்லை. என் அச்சு ஒரு பக்கம் சரியாகச் சூடாகவில்லை. தாங்கியின் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார்கள். உதவாது என்று அதற்கு அர்த்தம். முதல் துண்டு என்பதால், மேசையில் நினைவாக வைத்துக்கொள் என்று என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

நான் அதை மேசையில் வைக்கவில்லை. அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பும்போது பையில் போட்டுக்கொண்டேன். அப்பாவிடம் மட்டும் காட்டி, அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அவர் எப்படிச் சிரிப்பார் என்றுகூடப் பேருந்தில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அப்பா கடையில் இருந்தார். எனக்குப் பயண அலுப்பு. கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். அம்மா துவைக்கத் துணி எடுக்க என் பையைத் திறந்திருக்கிறாள்.

“இன்னாடி இது, கறுப்பா?”

“விமானத்து பார்ட்டுமா.”

“நீ பண்ணுனதா?”

“ம். நான் பண்ண மொத பீசு.”

அவ்வளவுதான் பேச்சு. நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அம்மா கோயிலுக்குப் போய்விட்டிருந்தாள். படைக்கும் பொருளை முன்னதாகவே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம், எனவே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பூசணிக்காய் வேலியிலேயே தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. கோயிலில் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். கையில் பெயிண்ட் கழுவும் தின்னர் வாடை அடித்தது. கடையில் ஏதாவது வேலை செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து வாசலில் பந்தலின் கீழ் ஏலம் ஆரம்பித்தது. நெல் மூட்டை போனது. கரும்புக் கட்டு போனது. மலையிலிருந்து வந்திருந்த சபைக்காரர்கள் சாமையும் தேனும் கொண்டுவந்திருந்தார்கள், அதற்குப் பெரிய போட்டி. கால் கட்டிய ஒரு சேவல் ஏலம் போகும்வரை கத்திக்கொண்டே இருந்தது. அதன்பிறகு மூப்பர் ஒரு தாம்பாளத்தை எடுத்தார். மல்லிகைச் சரம் சுற்றி, நடுவில் என் தாங்கி.

“எல்லாரும் நல்லா பாத்துக்கங்க. இது நம்ம சபைப் பொண்ணு அது கையால பண்ணுன ஏரோப்ளேன் பார்ட்டு! மேல பறக்கற சாமான் இன்னிக்கு நம்ம கோயிலுக்கு வந்துகிது!”

கூட்டம் ஓவென்று கத்திக் கை தட்டியது. சிவப்புக் கோடு எங்கே என்று தேடினேன். இல்லை. தின்னர் வாடை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. முதற்பலனைக் கறையோடு படைக்கக் கூடாது என்று அம்மா அதை இருந்த இடம் தெரியாமல் தேய்த்துத் துடைத்திருக்கிறாள்.

தாம்பாளம் கை மாறி கை மாறிப் போனது. “இன்னாபா, வெயிட்டே இல்ல!” என்றார் ஒருவர். ஒரு பெரியவர் அதை முகர்ந்து பார்த்தார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்தவள், “உன் பொண்ணு பண்ணுனதாக்கா?” என்று கேட்டதற்கு, “ஆமா, ஏரோப்ளேனு பண்றா” என்று முன் வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்த ஒரு நிமிடம் அவள் காயலான் கடைக்காரர் சம்சாரம் இல்லை. அது எனக்கும் தெரிந்தது. சரி, யாராவது எடுத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்வார்கள், போகட்டும் என்று பேசாமல் இருந்துவிடத் தீர்மானித்தேன்.

அப்போதுதான் மாமா கையைத் தூக்கினார். மாமா என்றால் அம்மாவின் சொந்த அண்ணன், சின்னசேலத்தில் இருப்பவர். ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் இறக்கும், ஏற்றும் வேலை. மூன்று கால் நட்டு, உச்சியில் சங்கிலியை மாட்டி, மோட்டாரையும் அதோடு வரும் மொத்தக் குழாயையும் தூக்குவார்கள். வண்டி போகாத மலை ஊர்களுக்கு அந்த இரும்புச் சாமான் எல்லாம் தோளில்தான் போக வேண்டும். மாமாவின் தோள்பட்டை காய்ப்புக் காய்த்துப் போயிருக்கும்.

“எனுக்குத்தான் அது! மேல சங்கிலி மாட்டற எடத்துக்கு இத வெச்சிப்பேன். இரும்பத் தூக்கித் தூக்கி தோளே போச்சு. இது தூக்கறதே தெரியாது!”

வேறு சிலரும் விளையாட்டுக்கு ஏற்றிக் கேட்டார்கள். மாமா விடவில்லை, முன்னால் போய்த் தாங்கியைக் கையிலேயே எடுத்துக்கொண்டார். மாமா தூக்குவது பயணியின் கைப்பெட்டி இல்லை. குழாய் மேலே வர வர, மாமாவும் அவர் ஆட்களும் அதன் அடியில் நின்று கையால் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல தாங்கியையே அந்த வேலைக்குக் கொடுக்க மாட்டேன். இதுவோ உள்ளே பொத்தல்.

எழுந்து நின்றேன். “மாமா, அது வேணாம் மாமா.”

“இன்னா பாப்பா, மாமன் கேட்டா குடுக்க மாட்டியா?” எல்லோரும் சிரித்தார்கள்.

“அது தாங்காது மாமா.”

“ஏரோப்ளேனயே தாங்குதாம், என் மோட்டாரத் தாங்காதா?” மறுபடி சிரிப்பு. மூப்பர் இதுதான் சாக்கென்று, “ஒரு தரம்! ரெண்டு தரம்!” என்று ஆரம்பித்துவிட்டார். அம்மா என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “ஒக்காருடி, மாமாதானே கேக்குறாரு.”

நான் கத்தினேன். “அது புதுசு இல்லைங்க! பழைய குப்பைல பண்ணுனது! வேஸ்ட்டப் பொறுக்கியாந்து, சுட்டு, அதுல பண்ணுனது! அது எப்படித் தாங்கும்?”

ஏலம் போன சேவல் மட்டும் எங்கேயோ கத்தியது.

ஏலத்தை நிறுத்தியதற்காக நான் வெட்கப்படவில்லை. நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. நான் சொன்ன காரணத்துக்காகத்தான் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ‘உள்ளே ஒரு பொத்தல் இருக்கிறது, நான் சரியாகச் செய்யவில்லை’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த இழை குப்பை இல்லை என்று அத்தனை பெரிய மனிதர்களிடம் எதிர்த்துப் பேசியவள் நான். ஆனால் ஊர் சனங்களுக்குச் சட்டென்று புரிய வேண்டும் என்றதும், என் வாய் தேடி எடுத்தது அந்தச் சொல்லைத்தான். என் தப்பை இழையின் தலையில் கட்டிவிட்டேன். உடனே பலித்தும் விட்டது. பழசு என்றதும் தாங்காது என்பதை ஒருவர்கூட எதிர்த்துக் கேட்கவில்லை.

மாமா தாங்கியைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தார். வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேண்டுமென்று செய்ததில்லை, கை தானாகச் செய்தது. அப்பாவின் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் போகும்போது அப்படித்தான் துடைத்துக்கொள்வார்கள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் சபையில் படைத்த பொருளை ஏலம் போகாமல் விடுவதில்லை. கோணல் சுரைக்காயாக இருந்தாலும் யாராவது ஒருவர் இரக்கப்பட்டுக் கேட்டுவிடுவார். கொடுத்தவர் வீட்டுக்கு அது மானப் பிரச்சினை. மூப்பர் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது ஆண்கள் பக்கம் கடைசியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“காயலான் கடைக்கு வர்ற சரக்குதானேங்க. நானே எடுத்துக்கறேன்.”

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், போதகர்கூடச் சிரித்தார். அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் முன்னால் வந்து வாங்கிக்கொண்டார். என்னைக் காப்பாற்ற அவர் தன்னையே கேலிப்பொருளாக்கிக் கொடுத்தார். நான் கூனிக் குறுகி உட்கார்ந்தேன். அம்மா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், அந்தப் புழுக்கத்திலும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா முன்னால் நடந்தாள். வந்ததும் பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டுக் கறிக்கு மசாலா அரைத்தாள். மிக்சி சத்தம் நிற்கும்வரை அடுப்படி வாசலிலேயே நின்றேன். சத்தம் நின்றதும் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். உலை, இழை, அச்சு, பொத்தல், சிவப்புக் கோடு, எல்லாம்.

“எனுக்கு அதெல்லாம் புரியாதுடி. அது குப்பையா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

“இல்லமா.”

“அப்ப அங்க ஏன் குப்பைன்னு சொன்ன?”

அம்மா ஜாரைக் கழுவிக் கவிழ்த்தாள். அதன்பிறகு கோபமே இல்லாமல், ஏதோ சமையல் விஷயம் பேசுவதைப் போலச் சொன்னாள்.

“நீ படுத்துக்கினு இருந்தியே நேத்து, அந்தக் கட்டிலு ஒங்கப்பா கடைல வந்ததுதான். நீ ஸ்கூலுக்குப் போன சைக்கிளும் அங்க வந்ததுதான். வீல மாத்தி, பெயிண்ட்டு அடிச்சி, ஒனுக்குப் புதுசுன்னு சொல்லிக் குடுத்தோம். எதுனா ஒன்னக் கீழ தள்ளுச்சா?”

சைக்கிள் புதிது இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ‘பழசு’ என்ற சொல்லை அப்போதும் அவள் சொல்லவில்லை. அந்தச் சொல்லை வாழ்நாள் முழுக்க வாசற்படிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தவள் அவள். அதைச் சபை நடுவில் கொண்டுபோய்க் கத்தியவள் நான்.

ஓசூருக்குத் திரும்புமுன் அப்பாவின் கடைக்குப் போனேன். அவர் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் மரத்தூணில் என் தாங்கியை இரண்டு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். அதில் அவருடைய சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

“சட்டையத் தாங்கும் இல்லமா?” என்று கேட்டார்.

கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. “தாங்கும்பா” என்றேன். பேருந்தில் நினைத்துக்கொண்டு வந்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னேன், நானும் உங்கள் தொழில்தான் செய்கிறேன் என்று. அவர் சிரிப்பார் என்று நினைத்திருந்தேன் அல்லவா, சிரிக்கத்தான் செய்தார். ஆனால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருந்தால் வந்திருக்கக்கூடிய சிரிப்பு அது இல்லை. “மாமன் அத எடுத்துக்கினு போயிருந்தா வம்பாப் போயிருக்கும். நீ தடுத்தது சரிதாம்மா” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எடைக்கு யாரோ அட்டைப்பெட்டி கொண்டுவந்தார்கள். அவர் எழுந்து போய்விட்டார்.

கூடத்துக்குத் திரும்பிய பிறகு நடந்த முதல் கூட்டத்திலேயே அதே வடிவமைப்பாளர் அதே வார்த்தையைச் சொன்னார். பழைய சரக்கை நம்பிச் சுமையைத் தூக்க முடியுமா என்று. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், நான் இப்போது எகிறுவேன் என்று. என் வாய் எழவில்லை. அவர் சொன்னது நான் பந்தலில் கத்தியதைவிட மரியாதையாகத்தான் இருந்தது. அன்று எனக்குப் பதிலாக மேலதிகாரிதான் பேசினார்.

அச்சைத் திருத்தினோம். சூடு சமமாகப் பரவ வழி செய்தோம். அதற்கப்புறம் வந்த தாங்கிகளில் பொத்தல் இல்லை. சுமை ஏற்றி ஏற்றி இழுத்துப் பார்க்கும் எந்திரத்தில் அவை கேட்டதற்கு மேலேயே தாங்கின. ஆனாலும் விமானத்தில் ஏறுவதற்கு ஒப்புதல் என்பது ஒரு சோதனையோடு முடிகிற காரியம் இல்லை. வெயில், குளிர், ஈரம், தீ, அதிர்வு என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. நியாயம்தான். ஆட்கள் உட்கார்ந்து போகிற பொருள்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு வர எனக்கு மனமே இல்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “நீ வர்ற” என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள். வந்தேன். வெறும் கையோடுதான் வந்தேன். அம்மா எதையும் கேட்கவில்லை, பையையும் திறக்கவில்லை. காலையில் வேலியிலிருந்து பூசணிக்காயை அறுத்து, துடைத்து, மல்லிகைச் சரம் சுற்றி அதே தாம்பாளத்தில் வைத்தாள்.

பந்தலின் கீழ் அதே கூட்டம். நான் அம்மாவுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். மூப்பர் பூசணிக்காயைத் தூக்கினார். தூக்கியவருக்குப் போன வருடம் நினைவுக்கு வந்துவிட்டது. கேலி அவர் நாக்கிலேயே இருக்கும்.

“இன்னாங்க, இந்த வருசம் ஏரோப்ளேனு வரலியா?”

சிலர் சிரித்தார்கள். சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அம்மா எழுந்து நின்றாள். சபை நடுவில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. பித்தளைக் குடத்தை வைத்துக் கேலி செய்தபோதுகூட அவள் பேசவில்லை.

“அது இன்னும் பழுக்கலைங்க. பழுத்ததும் எம்பொண்ணு கொண்டாருவா.”

பந்தல் முழுக்கச் சிரித்தது. இந்த முறை அது வேறு மாதிரிச் சிரிப்பு, அம்மாவோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. மாமா அங்கிருந்தபடியே, “பழுத்தா எனுக்குத்தான் மொத, சொல்லிட்டேன்!” என்று கத்தினார். மூப்பரும், “அப்ப காய்க்கு வெல சொல்லுங்க” என்று பூசணியைத் தட்டிக் காட்டினார்.

அம்மா உட்கார்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய முதுகும் கொண்டையும்தான் எனக்குத் தெரிந்தன. நான் அவளுக்காக அங்கே ஒரு வார்த்தை சரியாகச் சொல்லவில்லை. அவள் எனக்காகச் சொல்லிவிட்டாள். அந்தப் பூசணிக்காயைக் கடைசியில் யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏலம் முடியும்வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.